விடுதி நடத்துகிறவர்களுக்கு: கொடுத்த அறையை இன்னொருவருக்குத் திறந்துவிடாதீர்கள்

அன்புடையீர்,

வணக்கம். தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களைச் சுற்றியும், ரயிலடித் தெருக்களிலும், கோயில் மாட வீதிகளிலும் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கும், அங்கே கவுண்டரில் இரவும் பகலும் உட்காருகிற மேனேஜர்களுக்கும் இதை எழுதுகிறேன். மருத்துவ ஆய்வகங்களில் கருவிகளைப் பொருத்தி, அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பேன், பெரும்பாலும் தனியாக. கம்பெனி கொடுக்கும் படிக்கு உங்கள் விடுதிகள்தான் கட்டுப்படியாகும். எனவே உங்களைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒருவரிடம் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டால், அவர் காலி செய்யும்வரை அந்த அறை அவருடையது. அவருக்குத் தெரியாமல் வேறு யாரும் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. அவர் எந்த அறையில் இருக்கிறார் என்பது வேறு யாருக்கும் தெரியவும் கூடாது. இதைக் காப்பாற்ற வேண்டிய இடம் உங்கள் கவுண்டர்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோயில் ஊர், திருவிழாக் கூட்டம். இரவு பதினொரு மணிக்கு மேல் இருக்கும், நான் தூங்கிவிட்டேன். வெளியிலிருந்து பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. ஆனால் தாழ்ப்பாள் போய் விழும் துளை நிலைச் சட்டத்தில் இற்றுப்போயிருந்தது. தள்ளிய தள்ளில் மரம் பிய்ந்து கதவு திறந்துகொண்டது. வாசலில் ரூம் பாய், அவர் கையில் என் அறையின் இன்னொரு சாவி. பின்னால் ஒரு கணவன், மனைவி, தோளில் தூங்குகிற குழந்தை. நான் போட்ட கூச்சலில் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. பாவம், அவர்கள் என்னைவிட அதிகமாக நடுங்கிப்போனார்கள்.

எப்படி நடந்தது என்று காலையில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் போனில் சொல்லிவைத்த அறை அது. பகல் ஷிப்டில் இருந்தவர் போன் புக்கிங்குக்கென்று வைத்திருந்த சின்ன நோட்டில் என் பெயரை எழுதினார், நான் வந்ததும் அதிலேயே டிக் அடித்தார், பெரிய ரெஜிஸ்டரில் எழுதாமலே வீட்டுக்குப் போய்விட்டார். இரவு ஷிப்டுக்கு வந்தவர் பெரிய ரெஜிஸ்டரைப் பார்த்தார், அதில் அந்த அறை காலி. சாவிப் பலகையைப் பார்த்தார், அங்கே அந்த எண்ணுக்குக் கீழே ஒரு சாவி தொங்கியது. அது டூப்ளிகேட் சாவி. ஆள் இருக்கும் அறைக்கும் காலி அறைக்கும் பலகையில் எந்த வித்தியாசமும் இல்லை.

“தப்பா நினைக்காதீங்க மேடம், கூட்டம்” என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று என் கதவுக்கு வெளியே நின்றது ஒரு குடும்பமாக இருந்தது என் அதிர்ஷ்டம். குடித்துவிட்டு வந்த நாலு பேர் கேட்டிருந்தாலும் இதே பலகையும் இதே ரெஜிஸ்டரும் அவர்களுக்கு அந்த அறையைக் கொடுத்திருக்கும்.

அதற்குப் பிறகு போகிற இடத்திலெல்லாம் கவுண்டரை உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அப்படிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது, இந்தக் குழப்பம் பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணத்திலும் வருவதில்லை. கணக்கு வைக்கும் முறையிலிருந்தே வருகிறது. உதாரணத்துக்கு, நேரக் கணக்கு. நம் ஊர் லாட்ஜ்களில் பல இன்னமும் 24 மணி நேரக் கணக்கில் ஓடுகின்றன. மாலை ஆறு மணிக்கு வந்தவர் மறுநாள் மாலை ஆறு மணிக்குக் காலி செய்தால் போதும். ஆனால் ஆப் வழியாகப் புக் செய்கிறவர்களுக்கு நண்பகல் கணக்கு. அவர் பன்னிரண்டு மணிக்கு வந்து, பணம் கட்டியாகிவிட்டது, அறையைக் கொடு என்று நிற்பார். அதே அறையில் முதல் நாள் மாலை வந்தவரின் துணி கொடியில் காய்ந்துகொண்டிருக்கும், அவர் சாமி கும்பிடப் போயிருப்பார். பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தது போலத்தான். பஸ்ஸில் சண்டையோடு முடியும். விடுதியில் ஒருவருடைய பெட்டி, பணம், மாற்றுத் துணி எல்லாம் கிடக்கும் இடத்துக்கு இன்னொருவர் அழைத்துப்போகப்படுகிறார். இரண்டு கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் எந்த அறை எந்தக் கணக்கு என்று பிரித்துவிடுங்கள். முதல் மாடி முழுக்க 24 மணி நேரம், இரண்டாம் மாடி முழுக்க ஆப் என்று ஒரு விடுதியில் வைத்திருக்கிறார்கள். அங்கே இந்தத் தகராறை நான் பார்த்ததே இல்லை.

நள்ளிரவுக் குழப்பம் இன்னொன்று. ரயில் தாமதமாகி இரவு ஒன்றரை மணிக்கு ஒருவர் வந்து இறங்குகிறார். அவர் புக் செய்தது 14ஆம் தேதி இரவுக்கு, கடிகாரப்படி அப்போது 15. “பதினாலு முடிஞ்சிருச்சே, நீங்க வரலைன்னு ரூமை விட்டுட்டோமே” என்று சொல்லிவிட்டால் அந்த நேரத்தில் அவர் எங்கே போவார்? ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிற ஊரில் விருந்தாளி நள்ளிரவு தாண்டி வருவது சகஜம் என்று உங்களுக்கே தெரியும். அறையை வேறு ஒருவருக்கு விடும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும்.

அப்புறம் பெயர். நம் பெயர்களுக்குப் பின்பாதி கிடையாது, இனிஷியல்தான். ஆப் விடாது, பின்பாதியைக் கேட்கும். நாங்கள் அப்பா பெயரை எழுதுவோம். உங்கள் கம்ப்யூட்டரில் “ராமசாமி” என்று வந்து விழும். கவுண்டரில் நிற்பது செல்வி. “அந்தப் பேர்ல புக்கிங் இல்லையே மேடம்” என்பார்கள். இது கொஞ்ச நேரத் தலைவலி. ஆனால் இதையே திருப்பிப் போட்டால் ஆபத்து. அதே ராமசாமி என்ற பெயரோடு வேறு ஒருவர் வந்து நின்றால், அடையாள அட்டையைப் பார்க்காமல் என் அறைச் சாவியைக் கொடுத்துவிடுகிறீர்கள். பெயரைக் கேட்டுச் சாவி கொடுப்பதை நிறுத்துங்கள். புக்கிங் எண்ணும், புக் செய்த போன் எண்ணின் கடைசி நாலு இலக்கமும் கேளுங்கள். அட்டையில் இருக்கும் முகத்தைப் பாருங்கள்.

சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று வருகிறவரிடமும் இப்படித்தான். “205, என் ஒய்ஃப் உள்ளே தூங்குறாங்க, எழுப்ப வேணாம், டூப்ளிகேட் கொடுங்க” என்று ஒரு ஆண் கேட்டதும் எடுத்துக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் உண்மையிலேயே கணவராகவே இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள மேனேஜர் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம். ரெஜிஸ்டரில் பெயர் இல்லாதவருக்குச் சாவி கிடையாது. உள்ளே இருப்பவரை இன்டர்காமில் கூப்பிட்டுக் கேளுங்கள். தூக்கம் கெட்டது என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அறை எண்ணைச் சத்தமாகச் சொல்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் வரவேற்பறையில் நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு பேர் டீ குடிப்பார்கள். அந்த இடத்தில் வைத்து, “தனியாத்தான் வந்திருக்கீங்களா மேடம்? 204, செகண்ட் ஃப்ளோர் கடைசி ரூம், மாரி, மேடத்துக்கு ரூமைக் காட்டு” என்று மேனேஜர் குரல் கொடுக்கிறார். ஒரே மூச்சில் நான் தனியாள் என்பதும், என் அறை எண்ணும், அது ஒதுக்குப்புறம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மேலே ஏறும்போது முதுகில் எத்தனை கண்கள் என்று எண்ணிக்கொண்டேதான் நாங்கள் ஏறுகிறோம். எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். ரூம் பாயிடம் சாவியைக் காட்டினால் அவருக்குத் தெரியாதா?

அமெரிக்காவில் எரின் ஆண்ட்ரூஸ் என்ற விளையாட்டுச் செய்தியாளருக்கு 2008இல் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் நாஷ்வில் நகரத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்தார். அவரைப் பின்தொடர்ந்த ஒருவன் அவருடைய அறைக்குப் பக்கத்து அறையே வேண்டும் என்று கேட்டான், கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அவருடைய கதவில் இருந்த பார்வை லென்ஸைக் கழற்றி மாற்றி, அதன் வழியே படம் எடுத்து இணையத்தில் போட்டான். 2016இல் நடுவர் குழு அவருக்கு 5.5 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதில் 49 சதவீதப் பொறுப்பை ஹோட்டல் தரப்பின் மேல் வைத்தது. குற்றம் செய்தவன் வேறு ஒருவன். ஆனாலும் கிட்டத்தட்டப் பாதிப் பொறுப்பு ஹோட்டலுக்கு. நம் ஊரில் அவ்வளவு இழப்பீடு வராமல் போகலாம். ஆனால் “இன்னார் உங்க லாட்ஜ்ல தங்கியிருக்காங்களா?” என்று போனில் கேட்டதும் “ஆமா சார், மேல இருக்காங்க” என்று பதில் சொல்லும் வழக்கம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. போனில் கேட்பவருக்கு ஆமாம் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம். “உங்கள் எண்ணைக் கொடுங்கள், அப்படி யாராவது இருந்தால் சொல்கிறோம்” என்றால் போதும்.

ஆதார் விஷயத்துக்கு வருகிறேன். தங்குகிறவர் யார் என்று எழுதிவைப்பது உங்கள் கடமை, போலீஸ் வந்து கேட்டால் காட்ட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “ஜெராக்ஸ் மெஷின் வேலை செய்யல, இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க” என்று கவுண்டரில் இருப்பவர் தன் சொந்த எண்ணைக் கொடுக்கிறாரே, அது என்ன முறை? என் புகைப்படம், பிறந்த தேதி, வீட்டு விலாசம், போன் எண் எல்லாம் ஒருவருடைய சொந்த போனில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அவர் வேலையை விட்டுப் போனாலும் அவரோடு போகிறது. என்னோடு வேலை செய்யும் பெண் ஒருவருக்கு அறைக்குள் போன அரை மணி நேரத்தில் அந்த எண்ணிலிருந்து “சாப்டாச்சா?” என்று செய்தி வந்தது. அவர் அன்று இரவு கதவுக்குப் பின்னால் மேசையை இழுத்துப் போட்டுவிட்டு, விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். விடுதிக்கென்று ஒரு போன் வையுங்கள், அது கவுண்டரை விட்டு நகரக் கூடாது. கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது, அதைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபர் தரவுக்கு 2023இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டிருக்கிறது.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தால் கல்யாணச் சான்று கேட்பதில் காட்டும் கண்டிப்பைச் சாவி கொடுப்பதில் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும். திருமணமாகாத வயது வந்த இருவர் ஹோட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று, கோவை விடுதி ஒன்றுக்கு வைத்த சீலை அகற்றச் சொன்ன 2019 வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் விழிப்பு யார் யாரோடு வந்தார் என்பதிலிருந்து எந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதற்கு மாறட்டும்.

பூட்டைப் பற்றி. கார்டு பூட்டு போட்டுவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று சில உரிமையாளர்கள் சொல்கிறார்கள். 2024 மார்ச்சில் சாஃப்லாக் என்ற கார்டு பூட்டில் இருந்த ஓட்டையை ஆய்வாளர்கள் வெளியில் சொன்னார்கள். 131 நாடுகளில், 13,000 இடங்களில், சுமார் 30 லட்சம் கதவுகளில் இருந்த பூட்டு அது. அந்த விடுதியின் ஏதாவது ஒரு கார்டு, பழைய கார்டாக இருந்தாலும் சரி, கையில் கிடைத்தால் எல்லாக் கதவையும் திறக்கும் கார்டைத் தயாரிக்க முடிந்தது. ஆகவே எந்தப் பூட்டானாலும் உள்ளிருந்து கையால் போடும் தாழ்ப்பாளும் சங்கிலியும் வேண்டும். அவை நிலைச் சட்டத்தில் நீளமான ஸ்க்ரூ போட்டு இறுகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சில நூறு ரூபாய் வேலை. ஏசி போட்டு, டிவி மாற்றி, சுவருக்கு டிசைன் பேப்பர் ஒட்டிய அறையில் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மனம் ஆறவில்லை.

சாவிப் பூட்டு வைத்திருப்பவர்கள் பித்தளை வில்லையில் விடுதியின் பெயரையும் அறை எண்ணையும் சேர்த்துப் பொறித்துச் சாவியில் மாட்டுகிறீர்கள். அது கடைத்தெருவில் விழுந்தால் எடுத்தவருக்கு எந்த விடுதி, எந்தக் கதவு என்று எல்லாம் தெரியும். ஒருவர் சாவியைத் தொலைத்தால் அவரிடம் அபராதம் வாங்குகிறீர்கள். அந்தப் பணத்தில் பூட்டை மாற்றுகிறீர்களா, இன்னொரு சாவி வெட்டுகிறீர்களா? சாவி வெட்டினால் தொலைந்த சாவியும் வேலை செய்யும். பூட்டைத்தான் மாற்ற வேண்டும். அதுவரை அந்த அறையை யாருக்கும் விடாதீர்கள்.

ரகசிய கேமரா பயம் இப்போது எல்லோருக்கும் இருக்கிறது. தென் கொரியாவில் 2019இல் பத்து ஊர்களில் 30 விடுதிகளின் 42 அறைகளில் டிவி பெட்டியிலும், சுவர் பிளக்கிலும், ஹேர் டிரையர் மாட்டும் இடத்திலும் கேமரா வைத்து, ஏறத்தாழ 1,600 பேரைப் படம் பிடித்து நேரலையாக விற்றிருக்கிறார்கள். வைத்தவர்கள் விருந்தாளி போல வந்து தங்கிப் போனவர்கள். அதாவது, விடுதிக்காரருக்கே தெரியாமல் நடக்கலாம். நம் சட்டத்தில் ஒரு பெண்ணை அந்தரங்கமான நிலையில் மறைந்திருந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம், முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அறையைப் பெருக்க வருகிறவர் படுக்கையையும் குளியலறையையும் நோக்கி இருக்கும் பிளக், செட்டாப் பாக்ஸ், கடிகாரம் ஆகியவற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும். அதைவிட முக்கியமாக, குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள். பாதி உடைந்து, டக்ட் பக்கமோ மொட்டை மாடிப் படிப் பக்கமோ திறந்து கிடக்கும். துண்டைத் தொங்கவிட்டுக் குளித்துவிட்டு வருகிறோம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொடுங்கள்.

உங்கள் சுவரில் எல்லாம் ஒரு போர்டு இருக்கிறது: “விலை உயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.” அந்தப் போர்டு இருக்கும்வரை கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். தில்லியில் ஒரு ஹோட்டலில் விருந்தாளியின் காரை வாங்கி நிறுத்திய இடத்திலிருந்து 1998இல் திருட்டுப் போனது. நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் என்று சீட்டில் அச்சடித்திருந்தோமே என்று ஹோட்டல் வாதாடியது. தன்னிடம் ஒப்படைத்ததைக் கவனக்குறைவாக விட்டுவிட்டு, சீட்டில் எழுதிய வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது காரைப் பற்றிய வழக்கு. அறைக்கு டூப்ளிகேட் சாவியை யாருக்கோ எடுத்துக் கொடுத்த பிறகு அந்தப் போர்டைக் காட்டி என்ன வாதாட முடியும் என்று உங்கள் வக்கீலிடமே கேட்டுப்பாருங்கள்.

ரெஜிஸ்டர் சரியாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 பிப்ரவரியில் தில்லி கரோல் பாக் பகுதியில் ஒரு ஹோட்டலில் விடியற்காலை தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். தீ என்று வந்துவிட்டால், எந்த அறையில் ஆள், எத்தனை பேர், குழந்தை உண்டா என்று தீயணைப்புக்காரர் முதலில் கேட்பது உங்களிடம்தான். சின்ன நோட்டில் ஒன்று, பெரிய ரெஜிஸ்டரில் ஒன்று என்று இருந்தால் என்ன சொல்வீர்கள்? எங்களைப் பூட்டித் திறக்கும் கதவுகளைப் பற்றி இவ்வளவு பேசினேன், பின்பக்கப் படிக்கட்டின் கிரில் கேட்டுக்கு மட்டும் இரவில் பூட்டே போடக் கூடாது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ் போதும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆப்காரனுக்குக் கமிஷன், கரன்ட் பில், ஆள் கிடைக்காத நிலை. ஒரே ஆள் பன்னிரண்டு மணி நேரம் கவுண்டரில் இருந்து, போன் எடுத்து, கொசுவத்தி கொடுத்து, ஆட்டோவும் பிடித்துக் கொடுக்கிறார். அப்படி இருந்தும் ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். டெல்டாப் பக்கம் நான் வழக்கமாகத் தங்கும் சின்ன லாட்ஜ் ஒன்றில் மேசைக்குப் பின்னால் வயதான ஐயா ஒருவர் இருப்பார். கம்ப்யூட்டர் கிடையாது. சாவிப் பலகையில் டூப்ளிகேட் எதுவும் தொங்காது, எல்லாம் இழுப்பறைக்குள் பூட்டில். யாருக்காவது அறை கொடுத்துவிட்டால் அந்த ஆணியில் ஒரு சிவப்பு வில்லையை மாட்டிவிடுவார், அவர்கள் காலி செய்து, அறையைப் பெருக்கி, ரூம் பாய் வந்து சொன்ன பிறகுதான் அதை எடுப்பார். பெண்கள் தனியாக வந்தால் படிக்கட்டுக்குப் பக்கத்து அறையைக் கொடுப்பார். “பாப்பா, ராத்திரி யாரு கதவைத் தட்டினாலும் தொறக்காதே. எங்க ஆளா இருந்தாலும் எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கோ” என்று தன் பெயரையும் விடுதியின் எண்ணையும் எழுதிய சீட்டைச் சாவியோடு தருவார். பெரிய ஹோட்டல்களில்கூட நான் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

தங்குகிற எங்கள் பக்கமும் கடமை உண்டு. உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்ப்பது, அவசரப் படிக்கட்டு எங்கே என்று நடந்து பார்த்துவிட்டு வருவது, கதவு எண்ணைச் சரிபார்த்துவிட்டுச் சாவி போடுவது. பழைய கட்டடத்தில் ஒரு 12ஆம் எண்ணும் பின்கட்டில் இன்னொரு 12ஆம் எண்ணும் வைத்திருக்கிறீர்கள், இருட்டில் வேறு ஒருவர் கதவைத் திறக்கப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அந்த எண்களை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். அப்படியும் ஏதாவது ஆகிவிட்டால் 112க்கும் பெண்களாக இருந்தால் 181க்கும் அழைக்கத் தெரியும். அந்த இரண்டு எண்களையும் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தால் வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கும் உதவும்.

ஊர்தோறும் உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. வாடகை, வரி பற்றிப் பேசக் கூடுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை தீபம், தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று கூட்டம் வரும் முன் இரண்டு வேலையை மட்டுமாவது முடித்துவிடுங்கள்: டூப்ளிகேட் சாவிகளைப் பலகையிலிருந்து எடுத்துப் பூட்டி வைப்பது, ஒவ்வொரு அறையின் தாழ்ப்பாளையும் ஒரு ஆளை வெளியே நிற்கவைத்துத் தள்ளச் சொல்லிப் பார்ப்பது. ஒரு தச்சரும் ஒரு பகல் பொழுதும் இருந்தால் முப்பது அறையையும் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண்